தொட்டி நிறைந்தால் நிற்கும் பெட்டி

குமணன்சாவடியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் நம் நண்பர் பெட்டி செய்கிறார். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு, செல்போனுக்குச் சேதி அனுப்பும் பெட்டி. உள்ளே தபால்தலை அளவில் ஒரு வைஃபை மாட்யூல். அதன் தகரத் தொப்பியில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் எண். "அமெரிக்காக்காரனே ஓகே சொல்லிட்டான் சார்" என்பார்.

அவன் ஓகே சொன்னது மாட்யூலுக்கு; பெட்டிக்கு அல்ல. இவரோ அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்தார். வைஃபை வெளியே வரவில்லை. ஓட்டை போட்டு ரிச்சி தெருவில் வாங்கிய நீள ஆன்டெனாவைச் செருகினார். சோதித்தபோது இருந்த வகையை விட்டு வேறு ஆன்டெனா போட்டால் அந்த எண் வெறும் எண்தான். மோட்டாரை நிறுத்தும் ரிலே தட்டும்போதெல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்கிறது. அது தனிக் கதை.

நம் ஊரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 2005 முதல் உரிமம் வேண்டாம். ஆனால் கருவிக்கு, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. என்ற கருவி வகை ஒப்புதல் வேண்டும். 2019 முதல் சரல் சஞ்சார் தளத்தில் சுய உறுதிமொழி கொடுத்தே வாங்கலாம். சரல் என்றால் இந்தியில் எளிது. சோதனை அறிக்கையைக் கையில் வைத்திருப்பவருக்கு எளிதுதான்.

"தரமணியில சமீர் இருக்கே, ஒரு நடை போய்ப் பாருங்களேன்" என்றேன்.

"யாரு சார் சமீர்?"

ஆள் இல்லை, மத்திய அரசின் ஆய்வகம் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, புதிதாக அடித்த சி.இ. ஸ்டிக்கர் கட்டை எடுத்துக் காட்டினார்.

"ஐரோப்பாவுக்கு அனுப்பறீங்களா?"

"இல்ல சார், மாங்காடு."