மொறிஸ் மைனர் பெற்றோல் பம்பின் ஒலியிலக்கணம்

மொறிஸ் மைனர் காரின் பெற்றோல் பம்ப் சத்தம் போடுவது நோய் அன்று. எந்த வேகத்தில் சத்தம் போடுகிறது என்பதுதான் நோயைச் சொல்லும். இத்துறைக்குள் நுழைவோர் முதலில் மனத்தில் இருத்தவேண்டிய விதி இது. இதை அறியாத உரிமையாளர் சத்தம் கேட்டதும் கராஜுக்கு ஓடுவார். அறிந்தவர் சத்தம் கேட்காதபோது ஓடுவார்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்தது. 1960இன் இறுதியில், உற்பத்தியில் 10 இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்று பெயர் வாங்கியது. உற்பத்தி நின்றபோது எண்ணிக்கை 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இலங்கையில் இன்னும் ஓடுபவற்றுள் பல, தம்மை ஓட்டுவோரைவிட வயதில் மூத்தவை. ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கி, 1926இல் மொறிஸ் விலைக்கு வாங்கிய எஸ்.யூ. நிறுவனத்தின் மின்பம்ப்தான் இக்காரில் இருக்கிறது. பொனற்றைத் தூக்கினால், இஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகரச் சுவரில் அதைக் காணலாம். அந்தச் சுவருக்கு மறுபுறம் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகையால் பம்பின் ஒவ்வோர் அசைவும் தகரத்தில் பெருகி அவர்கள் காதுக்கு வந்துசேரும். பிடிப்பாணி தளர்ந்தாலோ, குழாய் தகரத்தில் முட்டினாலோ சத்தம் இன்னும் பெருகும். அது ஒரு ஸ்பானருடன் முடிந்துவிடும் சங்கதி, ஆய்வுக்கு உரியதன்று.

இனி பிறப்பியல். திறப்பைத் திருகியதும் பற்றரியின் மின்சாரம் பொயின்ற் என்னும் தொடுமுனை வழியாகக் கொயிலுக்குப் போகிறது. கொயில் காந்தமாகி, டயப்பிறம் என்னும் சவ்வோடு சேர்ந்த இரும்பை இழுக்கிறது. பின்பக்கத் தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்படுகிறது. இழுப்பு முடியும் இடத்தில் பொயின்ற் துள்ளித் திறக்கிறது. மின்சாரம் அறுகிறது. உடனே சுருள்வில் டயப்பிறத்தைத் திருப்பித் தள்ள, உறிஞ்சிய பெற்றோல் காபரேற்றரின் மிதவை அறைக்குப் போகிறது. தள்ளி முடிந்ததும் பொயின்ற் மறுபடியும் மூடுகிறது. ‘டிக்’ என்று கேட்பது இந்தத் துள்ளல்தான். மிதவை அறை நிறைந்து ஊசி வால்வு அடைத்ததும் தள்ளுவதற்கு இடமில்லை. டயப்பிறம் பாதியில் நிற்கும், பொயின்ற் திறந்தபடியே இருக்கும், ஓசையும் நிற்கும். இஞ்சின் குடிக்கக் குடிக்க மறுபடி ஒரு டிக். ஒரு டிக் என்றால் ஒரு வாய் பெற்றோல். பம்ப் தன் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்கிறது.

இவ்வோசையை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணிமையும் கைந்நொடியும் எழுத்தின் மாத்திரையை அளக்கப் போதும் என்று தொல்காப்பியம் வகுத்துவிட்டது; பம்புக்கும் அவை போதும். நலமான பம்ப், திறப்பைப் போட்டவுடன் மாத்திரைக்கு ஒன்றாகவோ அதற்குச் சற்றுக் கூடவோ குறில் ஒலிகளை அடுக்கும். பிறகு இடைவெளி நீளும், நெடிலாகும், அடங்கும். கார் ஓடும்போது இடைவெளி வேகத்துக்கு ஏற்றபடி மாறும். மேட்டில் ஏறும்போது குறுகும். இஞ்சின் நிற்க, திறப்பு மட்டும் போட்ட நிலையில் கேட்பதே பாடபேதம் இல்லாத மூலபாடம். இஞ்சின் ஓடினால் தப்பெற் சத்தம் இடைச்செருகலாக நுழைந்துவிடும். சிக்னல் விளக்கின் ‘டிக்’கைப் பம்பென்று நம்பிப் பம்பைக் கழற்றியவர்களும் உண்டு என்பர். நுணுக்கம் தெரிந்த மெக்கானிக் இதனால்தான் முதலில் காரைத் தொடுவதே இல்லை: “ஐயா, ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ. திறப்பை மட்டும் போட்டிட்டுக் கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ.” இரண்டாவது கட்டளைக்குத்தான் பெரும்பாலும் கீழ்ப்படிவு கிடைப்பதில்லை.

பிறழ்வுகளில் தலையாயது ஓயா ஒலி. மிதவை அறை நிறையப் போதுமான நேரம் கடந்தும் பம்ப் அடங்காது. இதற்கு மூன்று காரணங்களை முறையாகப் பிரித்தறிய வேண்டும். காபரேற்றரைச் சுற்றி ஈரமும் மணமும் இருந்தால் ஊசி வால்வு அடைக்கவில்லை, பம்ப் நிரபராதி. ஈரமில்லை, ஆனால் அரை மாத்திரையில் படபடவென்று அடிக்கிறது என்றால், அது பெற்றோல் இல்லாமல் காற்றை இழுக்கும் ஓசை. இலக்கணிகள் இதனை உயிரற்ற மெய் என வகைப்படுத்தலாம். தாங்கி வெறுமையா என்பதை முதலில் பார்ப்பது அறிவுடைமை. ஏனோ எல்லா ஆய்வாளரும் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். தாங்கியில் இருந்தும் படபடத்தால் உறிஞ்சும் பக்கத்துக் குழாய்ப் பூட்டு எங்கோ காற்றை விடுகிறது. பம்பிலிருந்து வெளியேறும் குழாயைக் கழற்றி, அதன் நுனியைப் போத்தலிலுள்ள பெற்றோலுக்குள் அமிழ்த்திப் பம்பை ஓடவிட வேண்டும். முதலில் சில குமிழிகள் வருவது இயல்பு. நில்லாமல் வந்துகொண்டே இருந்தால் காற்றுக் கசிவு உறுதி. பொயின்ற் பொறி பறக்கும் இடத்தில் திறந்த பெற்றோல் இருப்பதால், இச்சோதனையை வேடிக்கை பார்க்க வருவோரின் சிகரெற்றைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வரச்சொல்வது மரபு. மூன்றாவது காரணம் பம்பின் உள்வால்வு. வெளிவழியை விரலால் இறுக அடைத்தால் பம்ப் நிற்கவேண்டும். அடைத்தும் டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தால் வால்வுக்கடியில் அழுக்கு இருக்கிறது, அல்லது வால்வே தேய்ந்துவிட்டது.

மந்த ஒலி வேறு இனம். பம்ப் அடிக்கிறது, ஆனால் இழுத்து இழுத்து அடிக்கிறது, தொட்டால் சுடுகிறது. உறிஞ்சும் வழி அடைபட்டிருக்கும். பம்பின் அடியிலுள்ள பித்தளை மூடியைத் திருகிக் கழற்றினால் சிறிய கம்பிவலைச் சல்லடை ஒன்று வரும். பழைய தாங்கியின் துருவெல்லாம் அதில் படிந்து செந்நிறச் சேறாக இருக்கும். சல்லடை சுத்தமாக இருந்தும் மந்தம் என்றால், தாங்கி மூடியின் மூச்சுத்துளையை ஐயுற வேண்டும். கார் நன்றாகக் கிளம்பும், சில மைல் ஓடும், பிறகு தளரும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். பம்ப் மறுபடி குறிலுக்கு வரும். பற்றரி தளர்ந்தாலும் எர்த் வயர் துருப்பிடித்தாலும் இதே மந்தம் தோன்றும் என்பதால், சல்லடையில் கைவைக்குமுன் வயரைப் பார்ப்பது கைக்கு நல்லது.

எஞ்சியிருப்பது மௌனம். இது இருவகை: வயிறு நிறைந்த மௌனம், செத்த மௌனம். காதுக்கு இரண்டும் ஒன்றே. வெளிக்குழாயைக் கழற்றியதும் அடிக்கத் தொடங்கினால் முன்னது. அப்போதும் அசையாவிட்டால், வயரில் மின்சாரம் வருகிறதென்று உறுதிசெய்தபின், பின்னது. மாதக்கணக்கில் நின்ற காரில் இதற்குப் பெரும்பாலும் பொயின்ற்தான் காரணம். முனையிலுள்ள கறுப்பு மூடியைக் கழற்றி, பொயின்ற்களுக்கு இடையில் ஒரு துண்டு மட்டையை வைத்து மெல்ல இழுத்தால் அதில் கரிக்கோடு விழும். கோடு விழாமல் வரும்வரை இழுக்க வேண்டும். பொறியைத் தணிக்கும் கொண்டென்சர் இல்லாத பம்பில் இந்தக் கரி விரைவில் திரும்பி வரும்.

செத்த மௌனம் பற்றி இரு மரபினர் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். திறப்போர் மரபு மேலே சொன்னது. தட்டுவோர் மரபோ, ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியால் பம்பின் உடம்பில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்கிறது. நடுநிலையோடு பார்த்தால் தட்டுவோர் சொல்வது உண்மை: அதிர்ச்சியில் ஒட்டிய பொயின்ற் இடம் மாறி, கரியில்லாத ஓர் இடத்தைத் தொடும், பம்ப் அடிக்கும். அந்த இடமும் கருகியதும் மறுபடி தட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் தட்டப்பட்டுப் பள்ளம் விழுந்த பம்ப்களே இம்மரபின் தொன்மைக்குச் சான்று. மழையில் நடுவீதியில் நிற்கும்போது திறப்போரும் தட்டுவோராக மாறுவது குறிக்கத்தக்கது.

ஒலியிலக்கணத்தின் எல்லையை யாழ்ப்பாணம் காட்டியது. 1990களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காமற்போனபோது, இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பம்புக்கு இதில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. குறில், நெடில், அடக்கம் எல்லாம் இலக்கணப்படியே நடந்தன. அந்தச் சில துளி பெற்றோல் இல்லாமல் இஞ்சின் மட்டும் கிளம்பவில்லை. பம்பின் ஓசை அளவைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது.

இப்போது பொயின்ற்களுக்குப் பதிலாக மின்னணுச் சுற்று வைத்த எஸ்.யூ. பம்ப்கள் கிடைக்கின்றன. அவற்றிலும் டயப்பிறம் அசைவதால் டிக் உண்டு. மேற்சொன்ன விதிகள் பொருந்தும், தட்டுவதால் மட்டும் பயனில்லை. மலிவென்று வேறு காரின் மின்பம்பைப் பூட்டுவோரும் உளர். அவற்றுள் சில டிக் என்னாமல் முரலும். அந்த ஓசைக்கு இவ்விலக்கணத்தில் இடமில்லை. அவற்றின் அழுத்தம் மிகுந்தால் ஊசி வால்வு தாங்காது. அழுத்தம் குறைக்கும் கருவியையும் கூடவே பூட்ட வேண்டும், இல்லையேல் மிதவை அறை வழிந்து சூடான இஞ்சின்மேல் ஊற்றும்.