மாட்டுத்தாவணியில் பஸ் வருவதற்குள் காபி நிபுணர் ஆவது எப்படி?

காபி நிபுணர் ஆவதற்கு நாக்கு அவ்வளவு முக்கியமில்லை, வாய் இருந்தால் போதும். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு கடை வாசலில் நில்லுங்கள். திருச்சி பஸ்ஸுக்குக் காத்திருக்கும், தப்பி ஓட முடியாத ஒரு சொந்தக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மச்சான் முறை என்றால் உத்தமம். பெரியப்பா, தாத்தா வகையறா வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

முதல் பாடம், காபி சொல்வது. "அண்ணே, ஒரு காபி, ஸ்ட்ராங்கா, சீனி கம்மியா" என்பது சாதாரணப் பயணியின் பேச்சு. நீங்கள், "அண்ணே, தூள் அராபிகாவா, ரொபஸ்டாவா?" என்று கேட்க வேண்டும். மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்தாமல், "பில்டரா, இன்ஸ்டன்ட்டா?" என்பார். மனம் தளராதீர்கள். டம்ளர் வந்ததும் மூக்கருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடுங்கள். காய்ந்த பாலின் வாசனை வரும், பக்கத்துச் சட்டியில் வேகும் வடை மணக்கும், ராம்நாடு பஸ் பின்னால் எடுக்கும்போது விடும் டீசல் புகையும் சேர்ந்துகொள்ளும். "ம்ம்... மலைக் காபி" என்று முனகுங்கள். எல்லா நல்ல காபியும் ஏதோ ஒரு மலையில்தான் விளைகிறது என்பதால் மாட்டிக்கொள்ள வாய்ப்பில்லை.

இனி நாடுகள். பிரேசிலில் ஆரம்பியுங்கள். உலகத்துக் காபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் விளைகிறது, ஆகவே நீங்கள் என்ன சொன்னாலும் கொஞ்சமாவது உண்மை இருக்கும். அடுத்தது வியட்நாம். 1980களின் தொடக்கத்தில் ஆட்டத்திலேயே இல்லாத நாடு, 2000 வாக்கில் கொலம்பியாவை ஓரங்கட்டி இரண்டாம் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே பெரும்பாலும் ரொபஸ்டா. கசப்பு தூக்கல், விலை மட்டு, இன்ஸ்டன்ட் டப்பாவுக்கு ஏற்றது. "மட்டு" என்ற இடத்தில் உதட்டைச் சுழியுங்கள். நம் நாட்டு விளைச்சலிலும் முக்கால்வாசிக்கு அருகே ரொபஸ்டாதான் என்பதை மச்சான் இப்போதைக்குத் தெரிந்துகொள்ள வேண்டாம். கொலம்பியாவுக்குக் கோவேறு கழுதையோடு நிற்கும் ஒரு மீசைக்கார விவசாயியைச் சொல்லலாம். 1950களின் கடைசியில் விளம்பரக் கம்பெனி பெற்றெடுத்த ஆள் அவர்.

எத்தியோப்பியாவில் மட்டும் ஜாக்கிரதை. காபி பிறந்த ஊர், யிர்காச்செஃபி என்ற பெயரைச் சொல்வதற்குள் பல் சுளுக்கிக்கொள்ளும். அந்தக் காபியைக் குடித்த நிபுணர்கள் "மல்லிகை மணம்" என்று எழுதுவார்கள். இதைப் பூ மார்க்கெட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லக்கூடாது. மூட்டை மூட்டையாக மல்லி இறங்கும் ஊரில், மல்லி வாசனை வேண்டுமென்றால் எதிரே போய் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளலாமே, காபியில் எதற்கு என்று மச்சான் கேட்டால் உங்களிடம் பதில் கிடையாது.

பேச்சு தளர்ந்தால் விலைக்குத் தாவுங்கள். அராபிகா விலையை நியூயார்க் சந்தை முடிவு செய்கிறது, ரொபஸ்டா விலையை லண்டன். 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்து செடிகள் கருகின, விலை எகிறியது. அங்கே ஒரு ராத்திரி குளிர்ந்தால் இங்கே பட்டிவீரன்பட்டியில் ஒரு காபித் தோட்டக்காரர் செல்போனைப் பார்த்துச் சிரிப்பார்.

பேசக்கூடாதவை சில உண்டு. சிக்கரி அதில் ஒன்று. காபித்தூள் உறையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டால் போச்சு. நூற்றுக்கு 49 வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. எத்தியோப்பியா, கொலம்பியா என்று நீங்கள் அளந்ததில் பாதி, குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் தோண்டியெடுத்த கிழங்காக இருக்கலாம்.

அடுத்தது இலங்கை. பெரியப்பா வேண்டாம் என்றது இதற்குத்தான். இலங்கை என்றால் தேயிலை என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள்; தேயிலைக்கு முன்னால் அங்கே காபிதான் என்று அவர் குறுக்கிடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது உலகின் பெரிய காபி நாடுகளில் ஒன்று. பழம் பறித்தவர்கள் மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து நடந்தே கரைக்குப் போய், தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தவர்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பாதையிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காபிக்கு வேலை பறிப்புப் பருவத்தில்தான் அதிகம். முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் காபி இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் துரு நோய் படிந்தது. இருபது வருஷத்துக்குள் காபி ஒழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கை வேண்டும், ஆகவே போனவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். இதை ஒரு பெரியவர் சொல்லத் தொடங்கினால் உங்கள் யிர்காச்செஃபி எடுபடாது. திருச்சி பஸ்ஸும் போய்விடும்.

மூன்றாவது, கண்டிப்பாக வாயே திறக்கக்கூடாதது, தாண்டிக்குடி. கீழ்ப்பழனி மலையில், 1,000 மீட்டருக்கு மேல், மலைவாழைக்கும் மிளகுக்கும் பலாவுக்கும் நடுவே நிழலில் அராபிகா நிற்கிறது. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கிறது. கோடைக்கு முந்தைய மழை ஒன்று விழுந்து பத்து நாள் போனால் கிளை நெடுக வெள்ளைப் பூ, அதுவும் மல்லி வாசனையோடு. கார்த்திகை வாக்கில் சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்து, தோலுரித்து, வழவழப்புப் போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயப்போடுகிறார்கள். அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி இந்தக் காபியில் வளர்ந்த ஊர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் அந்த ஊர்த் தோட்டக் குடும்பத்துக்காரர். சென்னை பாண்டி பஜாருக்கும் அவர் பெயர்தான்.

காபிச் செடியை நேரில் பார்த்ததுண்டா என்று மச்சான் கேட்டால், "பிரேசில் விசா லேசில் கிடைப்பதில்லை" என்று சொல்லிப் பெருமூச்சு விடுங்கள். ஆரப்பாளையம் போய் வத்தலக்குண்டு பஸ் ஏறி, அங்கே மாறினால், இன்று பொழுது சாய்வதற்குள் பார்த்துவிடலாம் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிளம்பிப் போய்விட்டால் அடுத்த பாடத்தை யாரிடம் ஒப்பிப்பது?