ஊதுகுழலை எறிந்துவிடாதீர்கள்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பெரியப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

போன வாரம் போனில், "வீட்டுக்கு ஒரு அடுப்பு வாங்கியிருக்கேன்" என்றேன். "ஏன், இருக்கிறது ரிப்பேரா?" என்று கேட்டீர்கள். இது ஹாலில் வைக்கிற அடுப்பு என்றேன். "ஹால்ல யாரு சமைக்கப் போறா?" என்றீர்கள். சமைக்க இல்லை, வெந்நீர் போடவும் இல்லை, சும்மா பார்க்க என்றேன். அதற்குமேல் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியப்பாவிடம், "புள்ளைக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு" என்று மெதுவாகச் சொன்னது மட்டும் இங்கே தெளிவாகக் கேட்டது. அதனால்தான் கடிதம்.

இங்கிலாந்தில், இந்த ரெடிங்கில் நாங்கள் வாங்கிய வீடு விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் வீடு. நம் ஊர் அக்கிரகாரம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை. கூரைமேல் புகைக்கூண்டு, அதன் தலையில் பானை பானையாக நாலு மண்குழாய். அந்தக் குழாய்களை எண்ணினால் வீட்டில் எத்தனை அடுப்பு எரிந்தது என்று தெருவில் நின்றே சொல்லிவிடலாம். கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று இருந்திருக்கிறது. இப்போது ஒன்றும் இல்லை. ஹாலில் மட்டும் சுவர் நிறைமாதக்காரி போல முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். உள்ளே புகைபோக்கி. அடுப்பு வாயைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே ஈரம் தங்காமல் இருக்கக் கைக்குட்டை அளவு ஒரு சல்லடைத் தகட்டைப் பொருத்தியிருந்தார்கள்.

யார் அடைத்தது, ஏன் அடைத்தார்கள் என்று விசாரித்ததில் இந்த நாட்டின் அடுப்புச் சரித்திரமே கையில் வந்து சேர்ந்தது. 1662-இல் இரண்டாம் சார்லஸ் ராஜாவுக்குப் பணமுடை. அடுப்புக்கு அடுப்பு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி போட்டுவிட்டார். அதிகாரி வீட்டுக்குள்ளேயே வந்து எண்ணிவிட்டுப் போவார். சும்மா இருப்பார்களா நம் ஆட்கள்? (வெள்ளைக்காரராக இருந்தாலும் வரி என்று வந்துவிட்டால் நம் ஆட்கள்தான்.) இருக்கிற அடுப்பை அடைத்துவிட்டு, இல்லை என்று சத்தியம் செய்தார்கள். இங்கிருந்து அதிக தூரமில்லை, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் சர்ச்சில் என்று ஒரு கிராமம். அங்கே ரொட்டி சுடுகிற ஒருவர், தனிப் புகைபோக்கி வைத்தால் வரி என்று, சுவரில் ஓட்டை போட்டுத் தன் அடுப்புப் புகையைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் விட்டார். 1684-இல் அது தீப்பிடித்து, இருபது வீடும் நாலு உயிரும் போயின. வரியை 1689-இல் எடுத்தார்கள்.

எங்கள் வீட்டு அடுப்பை அடைத்ததற்கு வரி காரணமில்லை. வீடே பிந்தியது. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து கவிந்ததில் எதிரே வருகிற பஸ் தெரியவில்லையாம். ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சு முட்டிச் செத்தார்கள். 1956-இல் சட்டம் வந்தது: இன்ன இன்ன இடத்தில் புகை விடக்கூடாது என்று. அப்புறம் பாய்லர் வந்தது, சுவரோரம் வெந்நீர் ஓடுகிற ரேடியேட்டர் வந்தது, அடுப்பு போயிற்று. அதாவது நீங்கள் நாற்பது வருஷம் தென்னை மட்டையும் பாளையும் பன்னாடையும் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து, அரசாங்கம் கொடுத்த காஸ் அடுப்பு வந்த அன்று, "இனிமே இந்தச் சனியனைத் தொட மாட்டேன்" என்று கோடரியால் கொடியடுப்பை இடித்தீர்களே, அதையேதான் இவர்களும் செய்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான். இடித்துவிட்டு இவர்கள் ஏங்குகிறார்கள்.

எங்களுக்கு அந்த ஏக்கத்தைத் தொற்றவைத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. கேக் கொண்டுவந்த சாக்கில் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் இந்த அறைக்கு ஃபோகஸ் இல்லையே" என்றார். அவர் போனபிறகு அகராதியைப் புரட்டினால், லத்தீனில் ஃபோகஸ் என்றாலே அடுப்பு என்று போட்டிருக்கிறது! உங்கள் மருமகளுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பூஜை அலமாரி இருக்கும்போது அறைக்கு வேறென்ன ஃபோகஸ் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கக் கூடாது.

நிஜ விறகு எரிப்பதென்றால் புகைபோக்கிக்குள் கூரைவரை எஃகுக் குழாய் இறக்க வேண்டும், அதற்கென்று சான்றிதழ் வைத்திருக்கிற ஆள் வேண்டும். எங்கள் சேமிப்பு அதே புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். பயல்தான் சுலபமான வழி சொன்னான்: "டிவியிலயே நெருப்பு போடலாம்பா, ஃப்ரீ." அவன் சொன்னது விளையாட்டில்லை. 1966-இல் நியூயார்க் டிவி ஸ்டேஷன் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி அடுப்பில் கட்டை எரிவதை மட்டும் மணிக்கணக்கில் காட்டியிருக்கிறது. நார்வேயில் 2013-இல் விறகைப் பற்றியே 12 மணி நேர நிகழ்ச்சி. பெரும்பகுதி கட்டை எரிவது மட்டும்தான். ஜனங்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள், மரப்பட்டை மேலே பார்க்க அடுக்கணுமா, கீழே பார்க்க அடுக்கணுமா என்று. அந்த நிகழ்ச்சிக்கு உங்களை அழைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் பஞ்சாயத்து முடிந்திருக்கும்.

உங்கள் மருமகள் டிவி நெருப்பை ஒப்புக்கொள்ளவில்லை. சீரியல் எதில் பார்ப்பது?

ஆக கடைக்குப் போனோம். வரிசையாக இருபது முப்பது அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது, கடை முழுக்க ஒரு பொட்டுப் புகை இல்லை, உள்ளே ஜில்லென்று இருக்கிறது. மயானக் கொள்ளையை ஏ.சி. அறையில் நடத்தினாற்போல.

முதலில் காட்டியது ஸ்பிரிட் ஊற்றி எரிப்பது. அதில் நிஜ ஜுவாலைதான், அழகுதான். ஆனால் சூடாக இருக்கும்போது விளக்குக்கு எண்ணெய் விடுவது மாதிரி மறுபடி ஊற்றினால் குப்பென்று பிடிக்கும், ஆறின பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று விற்பனைப் பையனே எச்சரித்தான். பயலை வைத்துக்கொண்டு அந்த வம்பு வேண்டாம் என்று நகர்ந்தோம்.

அடுத்ததைக் கேளுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரிகிற அடுப்பு. சத்தியமாக! அடியில் ஒரு தொட்டி. அதில் இருக்கிற தண்ணீரை ஒரு தகடு அதிர்ந்து அதிர்ந்து மெல்லிய பனியாக்கி மேலே அனுப்புகிறது. அந்தப் பனிமேல் கீழிருந்து ஆரஞ்சு வெளிச்சம் விழுந்தால் அசல் புகையும் தீயும் போல அலையாடுகிறது. கையை விட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. மருமகளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்பு மலையிலிருந்து வருகிற கடுந்தண்ணீர். கெட்டிலில் மாதம் ஒருமுறை வெள்ளைப் பொருக்கைச் சுரண்டுகிறோம். இந்த அடுப்புக்கு வடிகட்டிய தண்ணீர்தான் விட வேண்டுமாம். குடிக்கிறது நாங்கள் குழாய்த் தண்ணீர், நெருப்புக்கு மட்டும் மினரல் வாட்டரா என்று கேட்டேன். நெருப்பை அணைக்கத் தண்ணீர் தேடின காலம் போய் நெருப்பு அணையாமல் இருக்கத் தண்ணீர் தேட வேண்டும் என்றால், எனக்கு அந்த நெருப்பின்மேல் மரியாதை வரவில்லை.

கடைசியில் சாதாரண மின்சார அடுப்பு. அதிலும் எதை எரிப்பது என்று தேர்வு உண்டு: விறகு, நிலக்கரி, கண்ணாடிச் சில்லு, வெள்ளைக் கூழாங்கல். கல் எரிகிறதைப் பார்த்தால் பெரியப்பா மாந்திரீகரைக் கூப்பிடுவார், விறகே இருக்கட்டும் என்றேன். ரிமோட்டில் தீயின் நிறம் மாற்றலாம். நீலம் வைத்துக் காட்டினான் பையன், பெருமையாக. நீலத் தீ எங்கள் சமையலறையிலேயே நாலு பர்னரில் எரிகிறது தம்பி என்றேன். இன்னொரு பொத்தானை அமுக்கினால் படபடவென்று விறகு வெடிக்கிற சத்தம், ஸ்பீக்கரிலிருந்து. ஈரவிறகு வெடித்துப் பொறி புடவையில் விழுமே, அந்தச் சத்தத்துக்குத் தனியாகக் காசு.

விலை 340 பவுண்டு. பெரியப்பாவிடம் ரூபாயில் சொல்ல வேண்டாம்.

சூடும் தரும், 2 கிலோவாட். ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு யூனிட், இங்கத்திய விலையில் ஏறக்குறைய ஐம்பது பென்ஸ். இருபது பவுண்டு ஹீட்டரும் அதே கரண்டுக்கு அதே சூட்டைத்தான் தரும், மின்சாரத்துக்கு அலங்காரம் தெரியாது. அதனால் நாங்கள் சூட்டைப் போடுவதே இல்லை. தீ மட்டும் எரியும். அதற்கு ஒரு சின்ன பல்பு அளவுக் கரண்டுதான். குளிர்காய ரேடியேட்டர், கண்ணுக்கு அடுப்பு.

வாங்கியது பெரிய விஷயமில்லை, பொருத்தியதுதான். பழைய அடுப்பு வாய் 16 அங்குல அகலம், 22 அங்குல உயரம் இருக்கும், அதற்குள் கச்சிதமாக உட்காரும் என்று அளவு பார்த்துத்தான் வாங்கினேன். கொத்தனார் வந்து முதல் செங்கலை உருவினார். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது செங்கலுக்கு, மேலே எங்கோ சரசரவென்று சத்தம். மூன்றாவதை உருவியதும் நூறு வருஷத்துக் கரி மொத்தமும் ஹாலுக்குள் இறங்கியது. கூடவே சாக்கு சாக்காகச் சுள்ளி. ஜாக்டா என்று இங்கே ஒரு சின்னக் காக்கை. புகைபோக்கிக்குள் மேலிருந்து குச்சியாகப் போட்டுப் போட்டு அடைத்துத்தான் கூடு கட்டுமாம். தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறது. கொத்தனாரின் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. புது சோபாவைப் பற்றி எழுதினால் உங்கள் மருமகள் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மாட்டாள். அந்த இரண்டு சாக்குச் சுள்ளியைப் பார்த்ததும் எனக்கு உங்கள் ஞாபகம்தான். ஒரு வாரத்துக்கு வெந்நீர் போடலாம், எல்லாம் நன்றாகக் காய்ந்த சுள்ளி. குப்பைக்குப் போனது. மேலே மழையும் காக்கையும் வராமல், காற்று மட்டும் போகிற மாதிரி ஒரு மூடி போட்டாயிற்று.

மூன்றாம் மாதமே அடுப்பு கீச்சுக் கீச்சு என்றது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பெரியம்மா, நெருப்பு என்பது என்ன தெரியுமா? ஒரு முழ நீளக் கம்பி. அதில் மாரியம்மன் கோயில் சப்பரத்தில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஜிகினாத் தகடு, இலை இலையாக. சுண்டுவிரல் அளவு மோட்டார் அதைச் சுற்றுகிறது. கீழே விளக்கு. ஜிகினாவில் பட்ட வெளிச்சம் சிதறி முன்னால் இருக்கிற திரையில் ஏறினால் அதுதான் ஜுவாலை. கட்டை, பிசின் ஊற்றி வார்த்தது; கணு, வெடிப்பு, ஓரத்துச் சாம்பல்கூட இருக்கிறது. ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன், நெருப்பு சத்தம் போடாமல் எரிகிறது.

இப்போது சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பயல் அதன்முன் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். அவனை அறியாமல் அவ்வப்போது இரண்டு கையையும் அதன்முன் நீட்டிக் குளிர்காய்கிறான். சூடு போடவில்லை என்று அவனுக்குத் தெரியும். நானும் நீட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் ஒரு குறை சொன்னார். அடுப்பென்றால் பக்கத்தில் பித்தளைக் கிளறி, இடுக்கி, கரி அள்ளுகிற கரண்டி மாட்டிவைக்க வேண்டுமாம். அவர் வீட்டிலும் அடுப்பு கரண்டில்தான் ஓடுகிறது. கிளறி பளபளவென்று தொங்குகிறது. பழைய சாமான் கடையில் விலை கேட்டேன், மயக்கம் வந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊதுகுழலைப் பரண்மேல் போட்டதாக ஞாபகம், முனை கறுத்த அந்த இரும்புக் குழல். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த மாதம் அத்தான் வரும்போது கொடுத்துவிடுங்கள். கறையைத் தேய்க்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் கையோடு எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைத் துப்பாக்கி இல்லை என்று மீனம்பாக்கத்தில் நிரூபிக்க, அத்தான் அங்கேயே ஒரு அடுப்பு மூட்டி ஊதிக்காட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்