ஒரு தொப்பி ஆரஞ்சும் ஒரு சங்கமும்

1828 பிப்ரவரி 7. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஹென்றி புரூம் என்ற வக்கீல், நாட்டின் சட்டங்களையும் நீதிமன்றங்களையும் சீர்திருத்த வேண்டும் என்று பேச எழுந்தார். ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். கைக்கெட்டும் தூரத்தில் அவருடைய தொப்பி, அது நிறைய ஆரஞ்சுப் பழங்கள். தொண்டை வறண்டபோதெல்லாம் அதிலிருந்து ஒன்று. உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தொண்டை வறண்டுதான் இருக்கும். ஆனால் தொப்பி சுற்றுக்கு வந்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை.

நம்மூர்க் கருத்தரங்காக இருந்தால் மேடைக்குக் கீழிருந்து ஒரு துண்டுச்சீட்டு போயிருக்கும். அதைப் பார்த்ததும் பேச்சாளர் “இறுதியாக ஒன்றே ஒன்று” என்பார். அப்புறம் அரை மணி நேரம் ஓடும். புரூமுக்குச் சீட்டு அனுப்பும் துணிச்சல் அங்கே எவருக்கும் இல்லை. பேச்சு வீண்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட அரசாங்கம் உடனே விசாரணைக் குழுக்களை அமைத்தது. ஆறு மணி நேரம் உட்கார்ந்தவன் எதற்கும் சம்மதிப்பான்.

1830-இல் இவர் லார்டு சான்சலர் ஆனார். நாட்டின் நீதித்துறைக்கே தலைவர். மறு வருஷம் அக்டோபரில் பிரபுக்கள் சபையில் தேர்தல் சீர்திருத்த மசோதாவுக்காகப் பேசும்போது ஆரஞ்சிலிருந்து முன்னேறி, சூடாக்கி மசாலா போட்ட போர்ட் ஒயினுக்கு வந்திருந்தார். முடிவில், “உங்களை மண்டியிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்” என்று நிஜமாகவே மண்டியிட்டார். மண்டியிட்டவர் எழுந்திருக்கவில்லை. உணர்ச்சிப் பெருக்கு என்று முதலில் நினைத்தவர்களுக்கு, சற்று நேரத்தில் ஒயின் கணக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். இதை எழுதி வைத்தவர் காம்ப்பெல் பிரபு. அவர் புரூமுக்குப் பங்காளி மாதிரி. அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். மசோதா அன்றைக்குத் தோற்றது. தோற்கடித்ததில் பிஷப்புகளுக்குப் பெரிய பங்கு. அவர்கள் மண்டியிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், அசைந்து கொடுப்பார்களா?

1834-இல் பதவி போயிற்று. மகளின் உடம்புக்கு நல்லது என்று தெற்கே கிளம்பியவரை, காலரா பயத்தால் நீஸ் நகருக்குள் விடாமல் எல்லையிலேயே நிறுத்தினார்கள். இங்கிலாந்தின் சட்டத்தையெல்லாம் கையில் வைத்திருந்தவரை ஒரு எல்லைக் காவல்காரர், “சட்டம் இதுதான் ஐயா, திரும்புங்க” என்று அனுப்பி வைத்தார். பக்கத்து மீனவ கிராமத்தில் தங்கினார். பிடித்துப்போய் அங்கேயே மாளிகை கட்டினார். அவர் பின்னால் இங்கிலாந்துப் பணக்காரர்கள் எல்லாம் வந்து குவிந்தார்கள். அந்தக் கிராமத்தின் பெயர் கான். இன்றைக்கு நம் நடிகைகள் சிவப்புக் கம்பளத்தில் நடக்கிறார்களே, அதே கான்தான். நூற்றுக்கணக்கான பக்கங்களில் சட்டச் சீர்திருத்தம் பேசியவர் உலகத்துக்கு விட்டுப்போனதில் கண்ணுக்குத் தெரிவது இந்த ஊரும், அவர் பெயரைத் தாங்கிய ஒரு குதிரை வண்டியும்.

1839-இல் வண்டி விபத்தில் செத்துப்போனார் என்று சேதி வந்தது. பத்திரிகைகள் இரங்கல் கட்டுரை போட்டன. பார்த்தால், ஆள் சௌக்கியம். தன்னைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று பார்ப்பதற்காக அவரே கிளப்பிவிட்ட சேதி என்று ஊரே பேசிக்கொண்டது. அவர் மறுத்தார், அதை எவரும் நம்பவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் எழுபத்தொன்பதாம் வயதில் வாயை மூடிக்கொண்டு கான் கடற்கரையில் உட்கார்ந்திருப்பாரா? 1857 அக்டோபரில் பர்மிங்காமில் ‘சமூக அறிவியல் வளர்ச்சிக்கான தேசியச் சங்கம்’ தொடங்கியது. தலைவர் புரூம். செயலாளர் ஜார்ஜ் உட்யாட் ஹேஸ்டிங்ஸ் என்ற சுறுசுறுப்பான இளம் வக்கீல். இவரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வேண்டியிருக்கும். வருஷத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு வாரம். சட்டத் திருத்தம், கல்வி, தண்டனையும் திருத்தமும், பொது சுகாதாரம், சமூகப் பொருளாதாரம் என்று ஐந்து பிரிவுகள், ஐந்து கூடங்களில் ஒரே நேரத்தில் வாசிப்பு. சிறையில் கைதி என்ன செய்ய வேண்டும், சாக்கடை எந்தப் பக்கம் ஓட வேண்டும், திவாலானவனை என்ன செய்வது என்று காலையிலிருந்து மாலை வரை. ராத்திரி மேயர் வீட்டு விருந்து. பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தலையணை கனத்தில் ஓர் ஆய்வுக்கோவை.

பர்மிங்காமில் ‘தண்டனையும் திருத்தமும்’ பிரிவினர், குற்றவாளியை அன்பால் திருத்துவது எப்படி என்று உருகிக்கொண்டிருந்த அதே மாதத்தில், இவர்களுடைய அரசாங்கம் வட இந்தியாவில் சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக்கொண்டிருந்தது. அது வேறு துறை போலிருக்கிறது.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ‘சாட்டர்டே ரிவ்யூ’ வாராவாரம் வறுத்தெடுத்தது. தாமஸ் லவ் பீகாக் தன் கடைசி நாவலில், எல்லார் காரியத்திலும் மூக்கை நுழைப்பதற்கென்றே ஒரு சங்கம் இருப்பதாக எழுதி, அதன் தலைமைப் பிரபுவாகப் புரூமை அடையாளம் தெரியும்படி உட்கார வைத்தார். எல்லாவற்றையும் விட அவர்களுக்குச் சிரிப்பு மூட்டியது ஒன்று உண்டு. இந்தச் சங்கத்தில் பெண்களும் கட்டுரை தரலாம், எழுந்து பேசலாம். உதவிச் செயலாளராகவே ஒரு பெண்ணைப் போட்டார்கள்: இசா கிரெய்க், எடின்பரோக்காரி. சேதி கேட்டு லண்டன் கிளப்புகளில் வயிறு குலுங்கியது. 1859-இல் கவிஞர் பர்ன்ஸ் நூற்றாண்டுக்கு நடந்த பெரிய கவிதைப் போட்டியில் நூற்றுக்கணக்கானவர்களைத் தள்ளிவிட்டுப் பரிசு வாங்கியதும் அதே இசாதான். சிரித்தவர்களில் போட்டிக்கு அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

சங்கத்தின் ஆய்வுக்கோவையை அச்சடிக்கும் வேலை எமிலி ஃபெயித்ஃபுல் என்ற பெண் 1860-இல் தொடங்கிய விக்டோரியா அச்சகத்துக்குப் போனது. அங்கே கம்பாசிட்டர்கள் பெண்கள். சும்மா விட்டார்களா ஆண் கம்பாசிட்டர்கள்? பெண்கள் உட்காரும் முக்காலியில் மையைத் தடவி வைத்தார்கள், பாவாடை பாழாகட்டும் என்று. கேஸில் பிரித்துப் போட்டிருந்த எழுத்துகளைக் கலந்துவிட்டார்கள். கம்பாசிட்டர் வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இதன் கொடுமை புரியும். எழுத்தைப் பார்த்தா கோப்பார்கள், எந்த அறையில் எது என்று கைக்குத்தானே தெரியும். கலந்ததை மறுபடி பிரித்து அடுக்கிவிட்டு, ‘உழைக்கும் வர்க்கத்தின் ஒழுக்க மேம்பாடு’ மாதிரியான கட்டுரைகளை அந்தப் பெண்கள் கோத்திருப்பார்கள்.

1862 லண்டன் கூட்டத்தில் ஃபிரான்சிஸ் பவர் காப் என்ற அம்மையார், பெண்களுக்கும் பல்கலைக்கழகப் பட்டம் தர வேண்டும் என்று கட்டுரை வாசித்தார். மறுநாள் லண்டன் நாளிதழ்கள் ஒன்று பாக்கியில்லாமல் சிரித்தன. பதினாறு வருஷம் கழித்து லண்டன் பல்கலைக்கழகம் பட்டத்துக்குக் கதவைத் திறந்தது. அப்போது யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

கணவன் சொத்து, மனைவி சொத்து விவகாரத்தையும் சங்கம் விடாமல் மென்றது. அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியம் அவள் கணவனுடையது. மில்லிசென்ட் ஃபாசெட் என்ற பெண்ணுரிமைத் தலைவியின் பணப்பையை ஒருவன் திருடிவிட்டான். பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றப்பத்திரிகையில் பை அவருடைய கணவர் ஹென்றியின் உடைமை என்று எழுதியிருந்தது. திருடியது நானா அவனா என்று அந்த அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. 1870-இல் அரைகுறையாகவும் 1882-இல் முழுசாகவும் சட்டம் மாறியது. இதில் சங்கத்துக்கு நிஜமாகவே பங்குண்டு.

ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல் மட்டும் புத்திசாலி. கட்டுரையை அனுப்புவார், கூட்டத்துக்கு வரமாட்டார். அவருக்கு உடம்பு சரியில்லை என்பது வாஸ்தவம். ஆனால் இத்தனை வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரைகளிலிருந்து தப்பியவர் அந்தக் காலத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஆஸ்பத்திரியை எப்படிக் கட்ட வேண்டும் என்று 1858-இல் லிவர்பூலுக்கு எழுதினார். 1863-இல் எடின்பரோவில் இந்தியாவைப் பற்றி, 1873-இல் நார்விச்சில் மறுபடியும் இந்தியாவைப் பற்றி, வேறு யாரோ எழுந்து வாசித்தார்கள். சுத்தமான தண்ணீர் கொடுங்கள், வாய்க்கால் வெட்டுங்கள் என்பது சாரம். நம் கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருந்ததும் அதையேதான். இரண்டு பேரும் ஒரே கட்சி. நார்விச்சில் கைதட்டினார்கள். மூன்று வருஷம் கழித்து 1876-இல் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கைதட்டலில் வாய்க்கால் வெட்ட முடியாது.

கருத்தரங்கு ஓர் ஒட்டுவாரொட்டி. பிரிஸ்டலில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய மேரி கார்ப்பென்டர் சங்கத்தின் தூண்களில் ஒருவர். 1866-இல் இந்தியா வந்தார், சென்னை உட்படச் சுற்றினார். 1867-இல் கல்கத்தாவில் வங்க சமூக அறிவியல் சங்கம் பிறந்தது. இரண்டு வருஷத்துக்குள் பங்கிம் சந்திரர் இந்துப் பண்டிகைகளின் தோற்றம் பற்றி அங்கே கட்டுரை வாசித்தாயிற்று. அன்றைக்கு ஒட்டியது நம் நாட்டை விட்டு இன்னும் போகவில்லை. போன வாரம்கூட எங்கோ ஒரு கல்லூரியில் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

இப்போது 1865, ஷெஃபீல்டு. கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஊர். தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிகளுக்கும் அடிதடி நடக்கும் ஊர். சங்கம் அங்கே கூடியபோது வில்லியம் டிரான்ஃபீல்டு என்ற அச்சுத் தொழிலாளி எழுந்து, தொழிற்சங்கங்களின் பக்கத்தை எடுத்து வைத்துக் கட்டுரை வாசித்தார். நல்ல விவாதம். பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். பிறகு ஆய்வுக்கோவை வந்தது. டிரான்ஃபீல்டு புரட்டியிருப்பார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். கட்டுரையைக் காணோம். அதைப் பற்றிய விவாதத்தையும் காணோம். மற்றவர்கள் எழுதியதையெல்லாம் காலமெல்லாம் அச்சில் ஏற்றிய மனிதரின் எழுத்துக்கு இடமில்லை. (நம் கருத்தரங்குகளில் பதிவுக் கட்டணம் கட்டியவர் கட்டுரை எப்படியும் வந்துவிடும், அந்த வகையில் நாம் தேவலை.)

டிரான்ஃபீல்டு மான்செஸ்டரில் இருந்த நண்பர் சாம் நிக்கல்சனிடம் இந்த வயிற்றெரிச்சலைக் கொட்டினார். அவரும் அச்சுத் தொழிலாளிதான். நிக்கல்சன் சொன்னது: “நமக்கென்று நாமே ஒரு மாநாடு நடத்தினால் என்ன?” 1868 ஜூனில் மான்செஸ்டரில் நடத்தினார்கள். முப்பத்து நான்கு பிரதிநிதிகள். அழைப்பிதழிலேயே விஷயத்தை உடைத்துவிட்டார்கள்: அந்தச் சங்கம் மாதிரியே நாமும் கட்டுரை வாசிப்போம், அங்கேதான் தொழிலாளிக்கு இடம் இல்லையே என்று. அந்த மாநாடு பிரிட்டனின் தொழிற்சங்கக் காங்கிரசாகி இன்றுவரை வருஷா வருஷம் கூடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஒரு பத்துப் பக்கத்தை அச்சடித்துத் தொலைத்திருந்தால் டிரான்ஃபீல்டு அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பேரனுக்குக் காட்டிக்கொண்டு திருப்தியாக இருந்திருப்பார். சங்கம் பதிப்பித்த எல்லாக் கட்டுரைகளையும் விட, பதிப்பிக்காத அந்த ஒன்றுதான் அதிக வேலை செய்தது என்பது என் கட்சி.

பட்டும் புத்தி வரவில்லை. 1869-இல் பிரிஸ்டல். ராணுவ ஊர்களில் விலைமாதர் என்று சந்தேகப்படும் பெண்ணைப் போலீஸ் பிடித்துக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்ற சட்டம் பற்றி விவாதம். விஷயம் பெண்களின் உடம்பைப் பற்றியது. ஆகவே கூடத்திலிருந்து பெண்களை வெளியே அனுப்பிவிட்டார்கள், கூச்சமாக இருக்குமாம். அந்த வருஷம் முடிவதற்குள் ஜோசஃபின் பட்லர் தலைமையில் பெண்கள் தனிச் சங்கம் அமைத்து, நாட்டையே கூச்சப்பட வைக்கும் அறிக்கையை வெளியிட்டார்கள். நைட்டிங்கேலும் கார்ப்பென்டரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் 1886-இல் ரத்தானது.

புரூம் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1868 மே மாதம் கானில் இறந்துபோனார். இந்தத் தடவை சேதி உண்மை. இரங்கல் எழுதியவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரித்துக்கொண்டிருப்பார்கள். சங்கமும் பிறகு ஊர் ஊராக இளைத்து, 1886-இலேயே மூட்டை கட்டிவிட்டது.

செயலாளர் ஹேஸ்டிங்ஸை மறக்க வேண்டாம் என்றேன். சங்கத்தில் கிடைத்த பேரை வைத்து அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1892-இல், தான் அறங்காவலராக இருந்து காக்க வேண்டிய அடுத்தவர் சொத்தில் இருபதாயிரம் பவுனுக்கு மேல் எடுத்து விழுங்கிவிட்டதாக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐந்து வருஷம் சிறை, நாடாளுமன்றத்திலிருந்தும் நீக்கினார்கள். ‘தண்டனையும் திருத்தமும்’ பிரிவில் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிரபுக்களும் பாதிரிகளும் சிறையை வெளியிலிருந்து பார்த்துக் கட்டுரை வாசித்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து எழுதத் தகுதியுள்ள ஆள் கடைசியில் சங்கத்துக்குள்ளிருந்தே கிடைத்தார். வாசித்தால் கேட்பதற்குத்தான் சங்கம் இல்லை, கலைத்து ஆறு வருஷமாகியிருந்தது.