திண்டுக்கல்லுக்கு மிக அருகில்

இந்த வாரமும் அந்தப் பட்டியல் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் பெரிய நகரங்கள், வரிசை எண்ணோடு, நீலப் பின்னணியில், யார் தயாரித்தது என்ற விவரம் மட்டும் இல்லாமல். இந்த முறை திண்டுக்கல்லைக் கரூருக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். இதற்கு முன் சுற்றியதில் மேலே இருந்தது. இடையில் இங்கிருந்து யாரும் கூட்டமாகக் கிளம்பிப் போனதாகத் தெரியவில்லை. நீங்களும் முதலில் நம்ம ஊர் எங்கே என்று தேடி, அடுத்து உங்களுக்கு ஆகாத ஊர் எங்கே என்று தேடி, கடைசியில் பட்டியல் போட்டவனுக்கு விவரம் பத்தாது என்று தீர்ப்பு எழுதியிருப்பீர்கள். கரூர் பெரிசா, திண்டுக்கல் பெரிசா என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்விதான் பாக்கி: திண்டுக்கல் எதுவரைக்கும்?

2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் 2,07,327 பேர். ஈரோடு 1,57,101 பேர். சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். ஜவுளிச் சந்தையும் மஞ்சள் மண்டியுமாகப் பிதுங்கி நிற்கிற ஈரோடு நம்மைவிடச் சின்ன ஊர் என்று ஈரோட்டுக்காரரிடம் சொன்னால் அவர் கோபப்படக்கூட மாட்டார், பரிதாபப்படுவார். அந்தக் கணக்கு எடுத்த எல்லைக்குள் ஈரோடு எட்டரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதே ஆண்டு வீரப்பன்சத்திரம், சூரம்பட்டி, காசிபாளையம், பெரியசேமூர் எல்லாம் உள்ளே வந்ததும் அதே கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து லட்சத்தைத் தொடுகிறது. கரூர் கதை இன்னும் விசேஷம். நகராட்சி எல்லைக்குள் 70,980 பேர். இனாம் கரூரும் தாந்தோணியும் சேர்ந்ததும் இரண்டு லட்சத்துக்கு மேல். ஒரு பிரசவம்கூடக் கூடுதலாக நடக்கவில்லை, ஒரு அரசாணை போதுமாக இருந்தது. திண்டுக்கல்லோ 2014இல் மாநகராட்சி ஆனபோது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டது. பரப்பு அதே 14 சதுர கிலோமீட்டர். கூடவே மாநகராட்சியான தஞ்சாவூருக்கு 36. ஆக, இந்தப் பட்டியல்கள் ஊரின் அளவைச் சொல்லவில்லை, வேலி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கின்றன.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2020 கணக்கெடுப்பில் ஊரின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஜாக்சன்வில் கிட்டத்தட்ட ஒன்பதரை லட்சம், அட்லாண்டா ஐந்து லட்சம். உலகத்தில் பாதிப் பேர் விமானம் மாறுகிற அட்லாண்டா, பெயரைக் கேட்டால் ‘எங்கே இருக்கு?’ என்று கேட்கவைக்கிற ஊரில் பாதியாம். ஜாக்சன்வில் 1968இல் தன் கவுன்டியை (நம் மாவட்டம் மாதிரி) கிட்டத்தட்ட முழுசாக விழுங்கி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். செயின்ட் லூயிஸ் நேர் எதிர். 1876இல் ஓட்டுப் போட்டுத் தன் கவுன்டியிலிருந்து பிரிந்து வந்த ஊர், அதே 2020 கணக்கில் எல்லைக்குள் மூன்று லட்சம் பேர், சுற்றிலும் சேர்த்தால் இருபத்தெட்டு லட்சம். இந்தக் கோளாறு தெரிந்துதான் அங்கே ஊரை ஒருபக்கம் வைத்துவிட்டு வட்டாரத்தை எண்ணுகிறார்கள். பக்கத்துக் கவுன்டியில் வேலைக்குப் போகிறவர்களில் நாலில் ஒருவராவது மைய வட்டாரத்துக்குப் போய் வந்தால், அந்தக் கவுன்டியும் கணக்கில் சேரும். அந்த வழியில் அட்லாண்டா அறுபது லட்சம், ஜாக்சன்வில் பதினாறு லட்சம். நாமும் ஜாக்சன்வில் வழியில் போனால் மாவட்டம் முழுவதும், 6,266 சதுர கிலோமீட்டரும் 21 லட்சத்துச் சொச்சம் பேரும், திண்டுக்கல் மாநகராட்சி. ஆள் கணக்கில் ஜாக்சன்வில்லைப் போல இரண்டு மடங்கு. கொடைக்கானல் வார்டு உறுப்பினர் ஸ்வெட்டரோடு கூட்டத்துக்கு வருவார், பழனி வார்டு உறுப்பினர் மொட்டையோடு வருவார், தெருவிளக்கு எரியவில்லை என்று இருவரும் சேர்ந்து வெளிநடப்பு செய்வார்கள்.

நமக்கு அந்த அளவுக்குத் தேவையில்லை, ஏனென்றால் திண்டுக்கல் வட்டாரத்தின் எல்லையை ஏற்கெனவே துல்லியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் அல்ல, மனை விற்பவர்கள். செய்தித்தாளுக்குள் செருகி வருகிற அந்த வழவழ நோட்டீஸை இனிமேல் தூக்கிப் போடாதீர்கள். நகரியல் பாடப்புத்தகம் அது. வரைபடத்தைக் கவனியுங்கள். பஸ் ஸ்டாண்டு ஒரு சதுரம், மனை ஒரு சிவப்பு நட்சத்திரம், இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டில் ரயில்வே கேட் கிடையாது, கண்மாய் கிடையாது, குறுக்கே போகிற ஆடு கிடையாது. ‘திண்டுக்கல்லுக்கு மிக அருகில்’ என்று தலைப்பில் இருந்தால் வடமதுரை. ‘திண்டுக்கல்லின் இதயப் பகுதியில்’ என்று இருந்தால் பைபாஸுக்கு வெளியே. ‘திண்டுக்கல் - பழனி நெடுஞ்சாலையில்’ என்றால் ஒட்டன்சத்திரத்துக்காரர்கள்கூட இது எங்கள் ஊர் இல்லையே என்று யோசிக்கிற இடம். தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள், நிமிடத்தில் சொல்வார்கள். பத்தே நிமிடம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு, எதிரே யாரும் வராமல், போலீஸும் பார்க்காமல் போனால் அந்தப் பத்து நிமிடம் பதினெட்டில் முடியும். அப்புறம் ‘வரப்போகும்’ என்றொரு சொல் இருக்கிறது. வரப்போகும் ஐ.டி. பார்க், வரப்போகும் ரிங் ரோடு, வரப்போகும் கல்லூரி. வந்த கல்லூரிக்கு அருகில் மனை கிடைக்காது, வரப்போகும் கல்லூரிக்கு அருகில்தான் கிடைக்கும். குடிநீர் வசதி என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் படம், அந்தத் தொட்டி எந்த மாநிலத்தில் கட்டியது என்று சொல்ல முடியாது. நாலு பக்கமும் காம்பவுண்டு, நடுவில் பூங்கா, பூங்காவில் ஊஞ்சல், ஊஞ்சலில் தங்கத் தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. சீலப்பாடிப் பக்கம் அந்தக் குழந்தையை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஊர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மாநகராட்சியைவிட இவர்கள் முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கெடுப்பில் திண்டுக்கல்லோடு ஒட்டி வளர்ந்த இடங்களையும் சேர்த்தால் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வேலிக்கு வெளியே எண்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள். அவர்களில் எத்தனையோ பேர் இப்படி ஒரு நோட்டீஸை நம்பிப் போனவர்கள்.

ஆனால் நோட்டீஸை வைத்து ஊரை அளந்தால் திண்டுக்கல் மணப்பாறை வரை போய்விடும். அதனால் நியாயமான அளவுகோல் டவுன் பஸ்தான். காலையில் உள்ளே வந்து சாயங்காலம் திரும்பிப் போகிறவர்கள் எந்தெந்த ஊர் என்று பாருங்கள். சின்னாளபட்டியும் சாணார்பட்டியும் ரெட்டியார்சத்திரமும் தாங்களே வந்து கணக்கில் நிற்கும். அமெரிக்காவில் இதைத் தெரிந்துகொள்ள தேர்ந்தெடுத்த வீடுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். நமக்கு அந்தச் செலவும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துத்தான் கொடுக்கிறார். எந்த ஊரில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது பாதி ஜனத்துக்காவது காகிதத்தில் இருக்கிறது. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இதற்கு ஆட்சேபம் வரும். பஸ்ஸை வைத்து ஊரை இழுத்தால் பஞ்சாயத்துகள் சும்மா இருக்குமா? இருக்காது. மாநகராட்சியோடு சேர்ந்தால் வரி ஏறும், கிராம வேலை உறுதித் திட்டம் போகும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நகரமும் அவர்களை நம்பித்தான் இருக்கிறது. பூட்டுக்குப் பெயர் வாங்கிய ஊரில் பூட்டு செய்கிற கைகள் நல்லாம்பட்டியிலும் யாகப்பன்பட்டியிலும்கூட இருக்கின்றன, 2019இல் கிடைத்த புவிசார் குறியீட்டில் இருப்பது திண்டுக்கல் பெயர். வேலிக்கு வெளியிலிருந்து வருகிற ஆத்தூர் அணைத் தண்ணீரும் பேரணைத் தண்ணீரும் குடிக்கிற நகரம், வேலிக்கு வெளியே உள்ளவர்களைப் பார்த்து ‘நீ எந்த ஊரு?’ என்று கேட்பது அநியாயம்தான். (காவிரித் தண்ணீரும் குடிக்கிறோம். அது கரூர்ப் பக்கம் ஓடுகிற ஆறு என்பதை இங்கே யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.) ஆனால் பதினாலு சதுர கிலோமீட்டருக்கு வரி வாங்கிக்கொண்டு, வட்டாரமே வந்து போடுகிற குப்பையையும் நிறுத்துகிற வண்டியையும் சமாளி என்று ஒரு ஊரிடம் சொல்வதும் அதே அளவு அநியாயம். பெருமைக்கு மட்டும் கொடைக்கானல் வரை நம்ம ஊர், வரி என்றால் தெருமுனையோடு ஊர் முடிந்துவிட வேண்டும் என்கிறோம் பாருங்கள், எரிச்சல் அங்கேதான்.

இன்னொரு ஆட்சேபம் மதுரையிலிருந்து வரும்: போய்வருகிறவர்கள்தான் கணக்கு என்றால் திண்டுக்கல்லே மதுரையின் புறநகர்தானே? இல்லை. காலை ரயிலில் மதுரைக்குப் போகிறவர்கள் நிறைய, நாலில் ஒருவர் அல்ல. 2011இல் மதுரை 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆகப் பெருத்தபோதும் வாடிப்பட்டியைக்கூடத் தொடவில்லை. தவிர, திண்டுக்கல் சீமை கம்பெனி ஆட்சிக்குள் வந்தது 1792இல், மதுரை 1801இல். ஒன்பது வருஷம் சீனியர். இது வாதத்துக்குப் பொருந்தாது என்று தெரியும், சொல்லாமல் விட மனசில்லை.

கரூர் விஷயத்துக்கு வருவோம். மாவட்டமாகத் திண்டுக்கல் பத்து வருஷம் மூத்தது, மாநகராட்சியாக ஏழு வருஷம். மற்றபடி எண்ணிப் பார்க்கப் புதுக் கணக்கு வேண்டும். அதற்கான தேதி 2027 மார்ச் 1. அதுவரை கரூர்க்காரர்களிடம் வாயைக் கொடுக்காதீர்கள்.