கான் சொன்னால் சொன்னதுதான்

புகாராவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நல்ல செருப்பு போட்டுக்கொண்டால் போதும் என்பார்கள். போதாது. வாய்க்கு ஒரு பூட்டும் வேண்டும்.

லியாபி ஹவுஸ் குளக்கரையில் முசுக்கட்டை மர நிழலில் நடை தொடங்கியது. எதிரே நாதிர் திவான்பேகி மதரசா. முகப்பில் இரண்டு பெரிய பறவைகள் ஆளுக்கொரு மானைக் கவ்விக்கொண்டு, மனித முகம் வரைந்த சூரியனை நோக்கிப் பறக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் அமைச்சர் நாதிர் இதை வணிகர் சத்திரமாகத்தான் கட்டினாராம். திறப்பு விழாவுக்கு வந்த இமாம் குலி கான், "அடடா, அருமையான மதரசா!" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். கான் வாயிலிருந்து வந்தபின் திருத்த யாருக்குத் துணிச்சல்? சத்திரம் மதரசாவானது.

"உள்ளே தொழுகைக் கூடமும் இல்லை, பாட அறையும் இல்லை. வேறு என்ன சாட்சி வேண்டும்?" என்று கைடு அம்மா மடக்கிய குடையால் எங்களைச் சுட்டிக் கேட்டார். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். "அதே கதையை வைத்து அதே கதையை நிரூபிக்கிறாரே சார்!" என்று என் காதில் முணுமுணுத்தார்.

தொப்பிக்காரர்களின் குவிமாடச் சந்தையில் வாத்தியார் தோப்பி என்ற கறுப்பு வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கினார். ஆராய்ச்சிக்காம்.

கல்யாண் மினாரை 1127இல் அர்ஸ்லான் கான் எழுப்பினான். ஏறக்குறைய 46 மீட்டர், பெரும்பாலும் செங்கல். ஒரு பட்டையில் பாய் முடைந்ததுபோல, அடுத்ததில் கட்டம் கட்டமாக என்று செங்கல்லை அடுக்கியே கோலம் போட்டிருக்கிறார்கள். 1220இல் ஊரைச் சூறையாடிய செங்கிஸ்கான் இதை அண்ணாந்து பார்த்தபோது தலைக்கவசம் விழுந்ததாம். குனிந்து எடுத்தவன், தன்னையே குனிய வைத்த கோபுரத்தை இடிக்காமல் விட்டானாம்.

வாத்தியார் தோப்பியை மாட்டி, கழுத்து நரம்பு புடைக்க அண்ணாந்தார். இன்னும் அண்ணாந்தார். "விழவில்லையே!" என்றார் வெற்றியோடு.

"நீங்கள் செங்கிஸ்கான் இல்லையே" என்றார் கைடு அம்மா.

ஆர்க் கோட்டைக்குப் பின்னால் சிந்தான் சிறை. ஸ்டாட்டர்ட் என்ற பிரிட்டிஷ் கர்னல் அமீர் நஸ்ருல்லாவின் முன் குதிரையை விட்டு இறங்காமல் வந்து நின்றார். இந்த ஊர் மரியாதையில் அது பெருங்குற்றம். பூச்சியும் உண்ணியும் மொய்க்கும் பாழ்ங்குழியில் இறக்கினார்கள். அவரை மீட்க வந்த கொனொலி என்பவரும் மாட்டிக்கொண்டார். 1842இல் இரண்டு பேருக்கும் தலை போயிற்று. வாத்தியார் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு கைடு அம்மாவின் குடையைப் பார்த்தார். தோப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மணி ஒன்று. சாப்பிடப் போகலாம்" என்றார் கைடு அம்மா.

என் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது. வாத்தியார் கடிகாரத்திலும் அதேதான். அவர் மறுபேச்சில்லாமல் முள்ளைத் திருகி ஒன்றில் வைத்தார்.