57 வயதில் ஒரு நாற்காலி

கேள்வி: இஸ்லாமியத் தமிழ் படித்தால் பிழைக்க முடியுமா?
- ஒரு வாசகர், உத்திரமேரூர்

பதில்: பாணந்துறைக்காரர் ம.மு. உவைஸ் பிழைத்தாரே! இலங்கையில் விபுலாநந்த அடிகளிடம் தமிழ் படித்தவர். முஸ்லிம்களின் தமிழ்த்தொண்டைப் பற்றிய அவருடைய ஆய்வு 1953-இல் நூலாக வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்றே ஓர் இருக்கை போட்டு அவரை உட்கார வைத்தது 1979-இல். அப்போது வயது 57! ஊர்ச்சபைக்கு ஓலையில் பேர் எழுத வயது 35-க்கு மேல், 70-க்குள் என்கிறது உங்கள் ஊர்க் குடவோலைக் கல்வெட்டு. அந்தக் கணக்கிலும் அவர் ஓலை செல்லும்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார்.

முஸ்லிம் சமூகத்தில் சீர்திருத்தமும் செய்ய ஆசையா? அது நாற்காலியை விடுகிற கட்சி. பா. தாவூத்ஷா சப்-மாஜிஸ்திரேட் உத்தியோகத்தை உதறியவர். ‘தாருல் இஸ்லாம்’ பத்திரிகை நடத்தினார். சம்பளத்தைவிட ஏச்சுதான் அதிகம் கிடைத்தது.